தரையைத் தொடக் கூடாது

பிப்ரவரி 10, திங்கள்

புது உடுப்பு வந்துவிட்டது.

கண் சொட்டு மருந்து நிரப்பும் அறைக்குள் போகிறவர்கள் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டுதான் போக வேண்டும். தலைக்கு ஒரு முக்காடு, கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணியாக வெள்ளை உடுப்பு, அதன்மேல் முழங்கால் வரை பூட்ஸ், கையுறை, மாஸ்க், கண்ணாடி. பதினோரு வருடமாக நாங்கள் போட்டுவந்த உடுப்பில் மிகச் சின்ன அளவு ஒன்று இருந்தது. அதைத் தைத்த கம்பெனி மூடிவிட்டது. புது மேனேஜர் வேறு இடத்தில் வாங்கியிருக்கிறார். அங்கே ஆரம்பமே எம். பிறகு எல், எக்ஸ்எல், அதற்கு மேலும் என்னென்னவோ. கீழே ஒன்றும் கிடையாது. எம்முக்குக் கீழே மனுஷங்களே இல்லை போலிருக்கிறது.

நான் நாலடி ஏழங்குலம். போட்டுப் பார்த்தேன். தோள்தையல் முழங்கைக்குப் பக்கத்தில் நிற்கிறது. கால் இடுக்கு முழங்காலில். என்னோடு வேலை செய்கிற ஒட்டகம் (ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு, அதனால் அந்தப் பெயர்) சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, உள்ள ஆளே இல்லாம உடுப்பு தனியா நடந்து வருதுடி!" நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் "பொடிசுக்குக் கோபம் வந்துடுச்சு" என்பார்கள். அங்கே என் பெயர் பொடிசுதான். வயது முப்பத்தெட்டு.

அடுத்த வாரம் வருடாந்திர உடுப்புத் தேர்வு. இதைப் போட்டுக்கொண்டா?

பிப்ரவரி 18, செவ்வாய்

தோற்றுவிட்டேன்.

பதினோரு வருடத்தில் முதல் முறை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு எப்படிப் போடுவது என்று காட்டிக் கொடுக்கவே என்னைத்தான் கூப்பிடுவார்கள். உடை மாற்றும் அறையின் குறுக்கே ஒரு ஸ்டீல் பெஞ்ச் இருக்கிறது. இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். பெஞ்சில் உட்கார்ந்து, துணியைக் கைக்குள் சுருட்டிப் பிடித்து, கால்களை விட்டு மேலே இழுக்க வேண்டும். ஒரு காலுக்கு பூட்ஸ் மாட்டி அதை அந்தப் பக்கம் போட வேண்டும். பிறகு அடுத்த கால். இவ்வளவுக்கும் இடையில் துணி ஒரு நூல்கூடத் தரையைத் தொடக் கூடாது. தொட்டால் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கும் தரப்பிரிவு அம்மா விரலால் தட்டுவார். டொக் டொக். அவருக்கு டொக்கம்மா என்றே பெயர்.

சுருட்டிப் பிடிக்க என் கைக்குள் எவ்வளவு துணி அடங்கும்? வலது காலைப் பிடித்தால் இடது கால் நழுவுகிறது. இடதைப் பிடித்தேன். டொக் டொக்.

"இடது கால் தரையில பட்டுடுச்சும்மா" என்றார் மைக்கில்.

"என் கால் படலைங்க. உடுப்போட கால் பட்டுது."

"ரெண்டும் ஒண்ணுதானே" என்றார். எரிச்சலோடு அல்ல. நிஜமாகவே அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிப்ரவரி 19

மேனேஜரிடம் போய் நின்றேன். நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்தால் என் கால் தரையில் படாது. கால் ஆட ஆட நியாயம் கேட்பது கஷ்டம்.

"சின்ன சைஸ் கேட்டு எழுதிப் போடறேன். ஆனா ஒரே ஒரு ஆளுக்காகத் தனியா தைக்கச் சொன்னா அவங்க ஒத்துக்கணுமே? அதுவரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

அட்ஜஸ்ட். தையல்காரரிடம் கொடுத்துக் குறைத்துக்கொள்ளவும் முடியாது. ஊசி குத்திய ஓட்டை வழியாக நம் உடம்பின் தூசி வெளியே வந்து மருந்தில் விழும். கண்ணுக்குள் போகிற மருந்து. அது எனக்கும் தெரியும். அதனால்தான் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

ஏப்ரலில் மருந்து நிரப்பும் லைனுக்குப் பொறுப்பு யாருக்கு என்று முடிவு செய்வார்கள். எனக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த வருடத்துக்குள் மூன்று முறை தோற்றால் ஆறு மாதம் அறைக்குள் கால் வைக்க முடியாது. பேக்கிங்கில் போடுவார்கள், அட்டைப் பெட்டி மடிக்க. எனக்கு அந்த அறைதான் எல்லாம். அதற்குள் யாரும் அநாவசியமாகப் பேசக் கூடாது, ஆடக் கூடாது. கண் மட்டும்தான் தெரியும். அங்கே என்னைப் பொடிசு என்று கூப்பிடவே ஒருவருக்கும் வாய் கிடையாது.

பிப்ரவரி 23, ஞாயிறு

மகளைக் கூட்டிக்கொண்டு துணிக்கடைக்குப் போனேன். பொறுப்பு கிடைத்தால் மேலதிகாரிகள் கூட்டத்துக்கெல்லாம் போக வேண்டியிருக்கும். ஒரு கறுப்பு பேன்ட், ஒரு சாதாரண சட்டை. அவ்வளவுதான் வேண்டும். நிலாவையா கேட்டேன்?

பெண்கள் பிரிவில் எதைப் போட்டாலும் யாரோ எனக்குப் போர்வை போர்த்தியதுபோல் இருந்தது. கடைப்பெண் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், "மாடியில கிட்ஸ் செக்ஷன் இருக்குக்கா, பத்துப் பதினொண்ணு வயசு சைஸ் உங்களுக்கு அப்படியே உக்காரும்" என்றாள். உட்கார்ந்தது. ஆனால் பின்பாக்கெட்டில் சரிகையில் ஒரு நட்சத்திரம். முப்பத்தெட்டு வயதுக்காரி திரும்பி நின்றால் பின்பக்கம் மின்ன வேண்டுமா? நட்சத்திரம் இல்லாததில் முயல். சட்டையோ, தோள் பொருந்தினால் மார்பு அடைக்கிறது. குழந்தைகளுக்கு மார்பு கிடையாது என்று நினைத்துத் தைத்திருக்கிறார்கள், நியாயம்தானே.

ஒரு கவுனைத் தலை வழியாகப் போட்டேன், பாதியில் மாட்டிக்கொண்டது. கை இரண்டும் மேலே. முகம் துணிக்குள். மூச்சு முட்டுகிறது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வெளியே மகள், "அம்மா, முடிஞ்சுதா? அம்மா?" என்கிறாள். துணிக்குள் இருட்டாக இருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. அப்படியே இருந்துவிடலாம்போல் இருந்தது. பிறகு, "வந்து இழுடி" என்றேன். வந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், இழுத்தாள்.

பதினொரு வயது. போன வருடமே என்னைத் தாண்டிவிட்டாள். அவளுக்குச் சின்னதாகிப் போனதெல்லாம் எனக்கு வருகிறது. ஊரில் அம்மாவிடமிருந்து மகளுக்கு இறங்கும். எங்கள் வீட்டில் தண்ணீர் மேல்நோக்கி ஓடுகிறது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா, ஸ்கூல் மீட்டிங்குக்கு அந்த நீலச் சட்டையைப் போட்டுட்டு வராதேம்மா. அது என்னோடதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

சரி என்றேன். அவள் பேரில் தப்பில்லை. என் பேரிலும் இல்லை. பேன்ட், சட்டை எதையும் எடுக்காமலே வந்துவிட்டேன்.

மார்ச் 3, திங்கள்

ரெண்டாவது தடவையும் போச்சு.

இந்த முறை துணி தரையைத் தொடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கால் துணியையும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு போட்டேன். ஒரு காலை அந்தப் பக்கம் தூக்கினேன் பாருங்கள் — தூக்க முடியவில்லை. இடுக்கு முழங்காலில் இருந்தால் கால் எப்படி விரியும்? எக்கி, எம்பி, ஒரு வழியாக ஒரு கால் அந்தப் பக்கம் போனது. மறு கால் வரவில்லை. பெஞ்சின் மேல், குதிரையில் ஏறின மாதிரி, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் வர முடியல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூணு பேர் நின்னு பார்க்கறாங்க. யாரோ ஒருத்தன் போன் எடுக்கறான், டொக்கம்மா அவனை முறைச்சாங்க, அது ஒண்ணுதான் ஆறுதல். கடைசியில் இறங்க முயன்று கையை ஊன்றினேன். கையோடு சேர்ந்து தொங்கிய துணி தரையில்.

டொக் டொக்.

எழுதறது என் பேர்ல. உடுப்புத் தோத்துதுன்னு எழுதுவாங்களா? இல்ல. நான் தோத்தேன்னுதான். ஏன்? நான் என்ன பண்ணினேன்? வளராம போனதைத் தவிர வேற என்ன பண்ணினேன்?

மார்ச் 4

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சாப்பிடும்போது சொன்னார்: "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் முதல்ல என்ன செய்வாங்க தெரியுமா? இருக்கற பட்டனையெல்லாம் ஒண்ணு விடாம அமுக்குவாங்க. அதுலதான் பாதி லிஃப்ட் கெட்டுப்போகுது. சும்மா நின்னா போதும், நாங்க வந்து திறந்துடுவோம்."

"யாரும் வரலைன்னா?"

"வராம எப்படி, சிட்டு? யாராவது வருவாங்க."

யாராவது வருவாங்களாம். இவர் வேலை செய்கிற கட்டடத்தில் வருவார்கள்.

மார்ச் 6

ஒன்றுமில்லை. துணி காயப்போட்டேன். கொடி எட்டவில்லை. அதுவும் ஒன்றுமில்லை.

மார்ச் 8, சனி

இன்றைக்கு வீடே சர்க்கஸ்.

அவருடைய வேலை உடுப்பை எடுத்தேன். அதுவும் மேலும் கீழும் ஒரே துணி, கிரீஸ் வாடையோடு. ஹாலில் மர பெஞ்சைக் குறுக்கே போட்டோம். மகள் தரை முழுக்க முகப்பவுடரைக் கொட்டினாள். துணி எங்கே பட்டாலும் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். யோசனை அவளுடையது. கையில் ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். அவள்தான் டொக்கம்மா.

"டொக்! டொக்! இடது கால்!"

"படலடி!"

"பட்டுதும்மா, திரும்பிப் பாரு, வெள்ளையா இருக்கு!"

மாலை வரை செய்தோம். அவர் வந்து கதவைத் திறந்தவர், வெள்ளைத் தரையையும் தன் உடுப்புக்குள் புதைந்திருந்த என்னையும் பார்த்துவிட்டு, "நான் வேணா கொஞ்ச நேரம் கழிச்சு வரட்டுமா?" என்றார். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். எத்தனை நாளாயிற்று இப்படி.

ஆனால் ஒருமுறைகூடச் சரியாக வரவில்லை.

மார்ச் 12

வந்துவிட்டது!

உட்கார்ந்தால்தானே கால் தொங்குகிறது? பெஞ்சின் மேல் ஏறி முட்டி போட்டேன். துணி முழுக்க பெஞ்சிலேயே கிடந்தது. முட்டி போட்டபடியே ஒவ்வொரு காலாக நுழைத்து, மிச்சத் துணியை மடித்து பூட்ஸுக்குள் திணித்து, அப்படியே முட்டியால் நகர்ந்து அந்தப் பக்கம் இறங்கினேன். மகள் குனிந்து குனிந்து பார்த்தாள். பவுடர் எங்கேயும் ஒட்டவில்லை. ஸ்பூனைத் தூக்கிப் போட்டுவிட்டு என்னைத் தூக்கினாள். என் மகள். என்னை. தூக்கினாள்.

"இன்னொரு தடவை செய்மா, அப்பா வரட்டும்."

மார்ச் 17, திங்கள்

முட்டி போட்டே போட்டேன். டொக்கம்மா விரலைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்றார். துணி தொட்டால்தானே தட்டுவதற்கு? உடுப்பின் மேல் ஆறு இடத்தில் கிருமிச் சோதனைத் தட்டை ஒற்றி எடுத்துக்கொண்டு போனார். கிருமி வளர்கிறதா என்று பார்க்கச் சில நாளாகும்.

மார்ச் 22

தட்டெல்லாம் சுத்தம். தேர்ச்சி. ஒட்டகம் கட்டிப்பிடித்தாள், நான் அவள் விலா எலும்பில் முட்டிக்கொண்டேன்.

மகளுக்குப் போன் செய்தேன். தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

மார்ச் 24, திங்கள்

உள்ளே போனேன். என் இடம், என் மேசை. சந்தோஷமாகத்தான் இருந்தது, கொஞ்ச நேரம்.

மாட்டிக்கொண்ட பிறகு அதற்குள் வாழவும் வேண்டுமே! பூட்ஸுக்குள் திணித்த துணி மெல்ல மெல்ல மேலே வந்து முழங்காலுக்குப் பின்னால் உருண்டையாக நிற்கிறது. காலை மடக்க முடியவில்லை. வாத்து நடை. முக்காடு நெற்றியில் இறங்கிக் கண்ணை மறைக்கிறது, கையால் தொடக் கூடாது, தலையைப் பின்னால் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். கையில் மிச்சத் துணி முழங்கையில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு தொங்குகிறது. நடுவில் வெளியே வந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும், அதனால் தண்ணீரே குடிக்காமல் போனேன். வேலை முடிந்து கழற்றியதும் இரண்டு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தேன்.

ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகித்தானே ஆக வேண்டும்.

ஏப்ரல் 2

மேனேஜர் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"அசத்திட்டீங்க! டொக்... தரப்பிரிவு மேடம் சொன்னாங்க. நீங்க முட்டி போட்டுப் போடறதைப் படம் எடுத்துச் சுவர்ல ஒட்டப் போறோம். குள்ளமா இருக்கறவங்களுக்கு இனிமே இதுதான் முறை."

"சின்ன சைஸ் கேட்டு எழுதினீங்களே, அது...?"

"அதை நிறுத்தச் சொல்லிட்டேன். நீங்களே போட்டுக் காட்டிட்டீங்களே, அப்புறம் எதுக்கு?"

லைன் பொறுப்பும் எனக்குத்தான் என்று கண்ணைச் சிமிட்டினார். மே மாதத்திலிருந்து. நன்றி சொன்னேன். சொல்லாமல் என்ன செய்வது? எழுந்து வெளியே வந்து, கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு நின்றேன்.

நான் பாஸானதால் உடுப்பு பாஸாகிவிட்டது.

ஏப்ரல் 3

நல்லா மாட்டிக்கிட்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். என்னைவிட அரை அங்குலம் குறைவு. பார்த்ததுமே ஒட்டகம் "ரெண்டாவது பொடிசு" என்று பெயர் வைத்துவிட்டாள். ஏற்கெனவே இரண்டு முறை தோற்றாகிவிட்டது. என்னிடம் அனுப்பினார்கள், கற்றுக்கொடுக்கச் சொல்லி. சுவரில் என் படம். பெஞ்சின் மேல் முட்டி போட்டுக் குனிந்திருக்கிறேன். பக்கத்தில் ஒட்டகத்தின் படம், ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் இரண்டு படத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். துடுக்காகவெல்லாம் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

"அக்கா, நாம மட்டும் ஏங்க்கா முட்டி போடணும்? ஸ்கூல்லதான் தப்பு பண்ணினா முட்டி போடச் சொல்லுவாங்க."

"கால் தரையில படாம இருக்கத்தான்" என்றேன்.

"சின்னதா தெச்சா படாதே?"

"முதல்ல கத்துக்கோ, அப்புறம் பேசலாம்" என்றேன். மேனேஜர் குரல் என் வாயிலிருந்து வந்தது.

ஏப்ரல் 24

பயந்துகொண்டிருந்தது நடந்துவிட்டது. எட்டி மருந்து நிரப்பும் ஊசி ஒன்றைச் சரிசெய்யப்போனபோது, முழங்கையில் தொங்கிய மூட்டை திறந்த பாட்டில்களின் மேல் உரசியது. கை அறியும்முன் துணி அறிந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. ஒட்டகம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

உடனே இயந்திரத்தை நிறுத்தினேன். அந்தத் தட்டில் இருந்ததையெல்லாம் கொட்டச் சொன்னேன். யாரோ ஒருவர் கண்ணுக்குள் போகிற மருந்து. அதில் விளையாட முடியுமா?

மேனேஜர் கோபப்படவில்லை. "ஏதோ கவனக் குறைவு, விடுங்க. முறைப்படி இன்னொரு தேர்வு வெச்சுடுவோம். உங்களுக்கு அதெல்லாம் தூசி."

"கவனக் குறைவு இல்லைங்க. கை நீளம்."

"உங்க கையா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இந்த முறை சிரிக்க முடியவில்லை.

ஏப்ரல் 25

ஏற்கெனவே இரண்டு தோல்வி என் பேரில் இருக்கிறது. இந்தத் தேர்வில் தோற்றால் மூன்று. பொறுப்பும் போகும், அறையும் போகும், ஆறு மாதம்.

ஜெயித்தாலோ ஆயுசு முழுக்க இந்தச் சாக்குக்குள். நானும், எனக்குப் பின்னால் வருகிற சின்னப் பெண்கள் அத்தனை பேரும். என்றைக்காவது ஒருநாள் துணி உரசி, அன்றைக்கு நின்று சொல்ல ஒருத்திக்குத் தைரியம் இல்லாமல் போனால்?

ரெண்டு பக்கமும் சுவர். எந்தப் பட்டனை அமுக்க?

மே 5, திங்கள்

காலையில் ரெண்டாவது பொடிசுக்குத் தேர்வு, பிறகு எனக்கு. முட்டி போட்டுப் போட அவளுக்கு நன்றாகவே வந்துவிட்டது, நான்தான் சொல்லிக்கொடுத்தேனே. போகும்போது அவளிடம், "உனக்கு எது சரின்னு படுதோ அப்படிப் போடு. என்னைப் பார்த்துப் போடாதே" என்று மட்டும் சொன்னேன். அவள் முட்டி போட்டுத்தான் போட்டாள். அவசரத்தில் இறங்கும்போது ஒரு கால் அவிழ்ந்து விழுந்தது. டொக் டொக். மூன்றாவது. வெளியே வந்து என்னைக் கடந்து போனாள், முகத்தை மூடிக்கொண்டு.

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். எல்லாரையும்போல. ஒட்டகத்தைப்போல.

மைக்கில் டொக்கம்மா: "ஏம்மா, முட்டி போட்டுக்கோ."

"உக்காந்து போடணும்னுதானே இருக்குங்க? எல்லாரும் அப்படித்தானே போடறாங்க?"

"உனக்கு அது வராதும்மா. தெரிஞ்சுக்கிட்டே ஏன்..."

"வருதா வரலையான்னு பாருங்க."

சுருட்டவில்லை, அணைக்கவில்லை. கைக்கு எவ்வளவு துணி அடங்குமோ அவ்வளவுதான் பிடித்தேன். மிச்சம் தானாக இறங்கி, மெதுவாக, தரையில் போய்ப் படுத்துக்கொண்டது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டொக்கம்மா தட்டவில்லை. ரொம்ப நேரம் தட்டவே இல்லை. கடைசியில் நானே சொன்னேன், "பட்டுடுச்சுங்க. எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்.

மே 6

மகள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவள் கதவருகே நின்று கத்தினாள்: "அவ்ளோ ப்ராக்டிஸ் பண்ணோமே! நீ வேணும்னேதானே தோத்தே? எனக்குத் தெரியும்!"

ஆமாம் என்றேன். அவள் அதை எதிர்பார்க்கவில்லை. அழுதாள்.

அவர் பாத்திரத்தைக் கழுவிவைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

மே 12

பேக்கிங். அட்டையை மடி, பாட்டிலைப் போடு, தாளைச் செருகு, மூடு. அட்டையை மடி. இங்கேயும் ஒரு வெள்ளைக் கோட்டு, முழங்கால் வரை வருகிறது, கையை மடித்துவிட்டுக்கொள்ளலாம், ஒருவரும் தட்டமாட்டார்கள். லைன் பொறுப்பு ஒட்டகத்துக்கு. சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பார்க்க வந்து, என் பெட்டியில் நாலை மடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

எதிரே ரெண்டாவது பொடிசு. அவளும் அட்டையை மடிக்கிறாள். தோற்றதற்கு என்னைத் திட்டுவாள் என்று பார்த்தால், "அக்கா, இங்க உக்காந்து வேலை செய்யலாம்ல, அதுவே போதும்" என்கிறாள்.

ஜூன் 19

பெரிய தப்புப் பண்ணிட்டேனோ? யாருக்கு என்ன ஆச்சு? உலகம் மாறிடுச்சா? அந்த மேனேஜர் என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். பதினோரு வருஷம். ஒரு துணியைத் தரையில விட்டதுக்கு.

அட்டை மடிச்சு மடிச்சு விரல் எல்லாம் வெடிச்சுக் கிடக்கு.

ஜூலை 30

உள்ளே ஆள் பற்றவில்லையாம். இரண்டு இடம் காலி. தேர்வுக்கு வந்தவர்களில் இன்னொரு சின்னப் பெண், அவளும் முட்டி போட மாட்டேன் என்று போய்விட்டாளாம். சுவரிலிருந்த என் படத்தைக் கழற்றிவிட்டார்கள் என்று ஒட்டகம் சொன்னாள். யார் கழற்றியது என்று கேட்டேன். "டொக்கம்மா" என்றாள்.

செப்டம்பர் 11

வந்திருக்கிறது. ஒரு பெட்டி. எம்முக்குக் கீழே எஸ், அதற்கும் கீழே ஒன்று. நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதுதான். ரெண்டாவது பொடிசு புதியவள் என்பதால் அவளுக்குத் தடையைத் தளர்த்தி, உடனே தேர்வுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் பழையவள், விதி தெரிந்தவள், எனக்கு நவம்பர்.

போகும்போது அவள் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "நீங்க வர்றதுக்குள்ள நான் சீனியர் ஆயிடுவேன் பாருங்க."

"ஓடு" என்றேன்.

நவம்பர் 10, திங்கள்

ஆறு மாதம் முடிந்தது.

பாக்கெட்டைப் பிரித்தேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். முக்காடு புருவத்துக்கு மேலேயே நின்றது. துணியைச் சுருட்டினேன், கைக்குள் அடங்கியது. கால் விட்டேன், கணுக்காலில் வந்து நின்றது, அங்கே நிற்கும் என்று தெரிந்ததுபோல. எழுந்து மேலே இழுத்தேன். தோள் தோளில் உட்கார்ந்தது. ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன், மறு கால் கூடவே வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டொக்கம்மா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அப்புறம்தான் அந்த அசட்டுத்தனம் செய்தேன். அழுதுவிட்டேன். கண்ணைத் துடைக்கவும் கூடாது. மாஸ்க் நனைந்துவிட்டது.

"மாஸ்க் ஈரமாயிடுச்சும்மா" என்றார் மைக்கில், ரொம்ப மெதுவாக. "கழட்டிட்டு முதல்லேருந்து போடணும். தோல்வின்னு எழுத மாட்டேன். பொறுமையா போடு."

எல்லாவற்றையும் கழற்றினேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து இன்னொரு பாக்கெட்டைப் பிரித்தேன். அதுவும் எனக்குச் சரியாக இருந்தது.